பிளெண்ட்: கலவையா, சேர்மானமா?

பைப் புகையிலை டப்பா ஒன்றின் மூடியில் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன: மைல்ட், காம்ப்ளெக்ஸ், பிளெண்ட். நண்பர் ஒருவர் அதை ‘லேசான சிக்கலான கலவை’ என்று தமிழாக்கி என்னிடம் காட்டினார். அகராதியைப் புரட்டினால் ஒரு தப்பும் சொல்ல முடியாது. ஆனால் வாசிக்கும்போது வேதியியல் வினாத்தாள் மாதிரி இருக்கிறது. மூன்று சொல்லும் மூன்று விதமாகச் சறுக்கியிருக்கின்றன. பெயர்ச்சொல்லான பிளெண்டில் தொடங்குவோம், சங்கதி அதிகம் இருப்பது அதில்தான்.

பழைய நோர்ஸ் மொழியில் ‘பிளாண்டா’ என்றால் கலத்தல். ஆங்கில பிளெண்ட் அந்த வழியில் வந்தது. கண் தெரியாமையைக் குறிக்கும் ‘பிளைண்ட்’ என்ற சொல்லையும் இதே குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் கிடப்பது மங்குதல், குழம்புதல் என்ற பொருள். கலந்துவிட்டால் எது எதுவென்று தெரியாது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தோடு எந்த உறவும் இல்லாத தமிழிலும் இதே கதை நடந்திருக்கிறது. ‘கல’ என்பதிலிருந்து கலவை வருகிறது. அதன் பக்கத்திலேயே கலங்கலும் கலக்கமும் நிற்கின்றன. நீரைக் கலக்கினால் நீர் கலங்கும். கலப்படம் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பைப் புகையிலையில் பிளெண்ட் என்று சொல்வது இதற்கு நேர் எதிர். அங்கே எதுவும் மங்கக் கூடாது. சேர்ந்திருக்கும் ஒவ்வொரு இலையும் தன் முறை வரும்போது தலைகாட்ட வேண்டும்.

யார் யார் அந்த இலைகள்? வர்ஜீனியா பெரும்பாலும் அடித்தளம். சர்க்கரை அதிகம் உள்ள இலை, காய்ந்த புல்லும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்தாற்போன்ற வாசம். அது பொன்மஞ்சளாக மாறிய விதமே ஒரு கதை. 1839-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்டீபன் என்ற அடிமைத் தொழிலாளி, இலை உலரும் கொட்டகையில் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் தீ அணையும் நிலை. பதறிப்போய்க் கரியை அள்ளிப் போட்டார். திடீரென ஏறிய சூட்டில் இலை பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது என்கிறார்கள். (இப்படி இலையைப் பக்குவப்படுத்துவதற்குத் தமிழில் ‘பாடம் செய்தல்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ‘கியூரிங்’ என்று எழுதுகிறவர்கள் அதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.)

பர்லி என்பது காற்றில் உலர்த்திப் பாடம் செய்தது. சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. கொட்டைப் பருப்பும் கோகோவும் கலந்த ஒரு வறட்சி. ஓரியண்டல் வகைகள் சின்னச் சின்ன இலைகள், காட்டம் குறைவு, மணம் ஏராளம். லட்டாகியாவுக்கு சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயர். இன்று அதிகம் பேசப்படுவது சைப்ரஸ் லட்டாகியா. விறகுப் புகையில் கறுக்கக் கறுக்கப் பாடம் செய்த இலை என்பதால், அணைந்த நெருப்பின் அருகில் கிடந்த தோல் பையைப் போல மணக்கும். பெரிக் என்பது அமெரிக்காவின் லூசியானாவில், செயின்ட் ஜேம்ஸ் என்ற வட்டாரத்தில், பீப்பாய்க்குள் அழுத்தி மாதக்கணக்கில் புளிக்க வைக்கும் இலை. அத்திப்பழமும் மிளகும் அதன் அடையாளம். அதில் ஒரு சிட்டிகை கூடினால் போதும், மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இத்தனை பேரை ஓரிடத்தில் உட்கார வைத்து, ஒருவர் குரல் இன்னொருவரை அமுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் ‘கலவை’ என்ற பெயர் எப்படிப் போதும்? சிமெண்டும் மணலும் சேர்ந்தாலும் கலவைதானே. ‘கூட்டு’ நல்ல பழைய சொல்தான், ஆனால் அது இன்று சமையலறைக்கும் அரசியலுக்கும் போய்விட்டது. ‘சேர்க்கை’ என்றால் கல்லூரி ஞாபகம் வரும். இல்லாவிட்டால் ‘பையனுக்குச் சேர்க்கை சரியில்லை’ என்ற புலம்பல் காதில் விழும். ‘கதம்பம்’ அழகானது, ஆனால் அதில் அளவு என்ற கணக்கு இல்லை. கைக்கு வந்ததைத் தொடுத்தாலும் கதம்பம்தான்.

என் ஓட்டு ‘சேர்மானம்’ என்ற சொல்லுக்கு. கட்டுமானம், செரிமானம், பிடிமானம் போல, வினையோடு ‘மானம்’ ஒட்டிப் பிறந்த சொல். மருந்து செய்கிறவர்கள் வாயில் இன்றும் புழங்குகிறது. சேர்மானம் என்றதும் எது, எத்தனை பங்கு, எதோடு எது சேரும் என்ற மூன்று கேள்வியும் கூடவே வந்துவிடுகின்றன. பொருள்கள் கரைந்து காணாமல் போவதில்லை, சேர்ந்து நிற்கின்றன.

அடுத்து காம்ப்ளெக்ஸ். இதைச் சிக்கல் என்று எழுதியதுதான் பெரிய சறுக்கல். லத்தீனில் இந்தச் சொல்லுக்குள் இருப்பது ‘சேர்த்துப் பின்னுதல்’. பின்னலும் சிக்கலும் ஒன்றா? இரண்டிலும் இழைகள் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. ஆனால் பின்னலைப் போட்டவர் ஒருவர் இருக்கிறார், சிக்கலை யாரும் போடுவதில்லை.

நாக்கில் அந்தப் பின்னல் எப்படித் தெரிகிறது? டப்பாவைத் திறந்ததும் வரும் வாசத்தை அதிகம் நம்ப வேண்டாம். லட்டாகியா இருந்தால் அது முந்திக்கொண்டு மற்றதை மறைத்துவிடும். பைப்பின் கிண்ணத்தில் இலையை நிரப்பும்போது அடியில் தளர்வாக, மேலே சற்று இறுக்கமாக. முதல் தீக்குச்சிக்கு இலை சிலிர்த்துக்கொண்டு மேலே எழும்பும். அதை மெல்ல அழுத்திவிட்டு இரண்டாம் முறை பற்ற வைக்க வேண்டும். ஆரம்பத்தில் விறகுப் புகை. கிண்ணத்தில் இலை கால்வாசி எரிந்து இறங்கியதும் வர்ஜீனியாவின் இனிப்பு அடியிலிருந்து ஏறி வரும். நடுவில் எங்கேயோ ஓரியண்டலின் லேசான புளிப்பு. புகையை நுரையீரலுக்கு இழுக்காமல் வாயில் வைத்திருந்து, கொஞ்சம் மூக்கு வழியாக விட்டால் பெரிக்கின் மிளகு சுருக்கென்று தட்டும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, கசப்பு மாதிரி நாலைந்துதான். அத்தியும் தோலும் புல்லும் மூக்கின் கணக்கு. கடைசிக் கால்பகுதியில் எல்லாம் கனத்து, மண் வாசனையாக முடியும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வருவதால் இதைப் ‘பல அடுக்குச் சுவை’ என்று சொல்லலாம். ‘பின்னலான சுவை’ என்று எழுதவும் எனக்கு ஆசைதான், ஆனால் படிப்பவர் நின்று யோசிப்பார்.

மிச்சம் மைல்ட். பழைய ஆங்கிலத்தில் ‘மில்டே’ என்பது மனிதர்களைச் சொன்ன சொல்: இரக்கம் உள்ள, சாந்தமான. நம் ஊர்ப் பேச்சில் ‘சாது’ என்பதற்குப் பக்கத்தில் வரும். புகையிலையில் அது பெரும்பாலும் நிகோடின் வலு எத்தனை என்பதைச் சொல்கிறது, சுவையைப் பற்றி அல்ல. ‘லேசான’ என்று எழுதினால் சுவையும் சப்பென்று இருக்கும் என்ற பொருள் வந்துவிடும். தமிழில் இந்த வலுவுக்குக் காட்டம் என்று தனிச்சொல்லே இருக்கிறது. ‘காட்டம் குறைந்த’ என்றால் தீர்ந்தது.

சாது என்று நம்பி வேகமாக இழுத்தாலும் வம்புதான். இனிப்பு வர்ஜீனியா சூடேறினால் நாக்கு பொத்துப் போகும். இன்னொன்றும் உண்டு: காட்டம் குறைவு என்றால் கெடுதல் குறைவு என்று ஆகாது. வாய்ப்புற்றுக்குப் பைப் புகையும் காரணம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம், தன் 11-ஆம் பிரிவில், ஏமாற்றும் சொற்களுக்கு உதாரணமாகக் காட்டுவதில் ‘மைல்ட்’ ஒன்று. ஆக, இந்தச் சொல்லைத் தமிழாக்குகிறவருக்கு இரட்டைப் பொறுப்பு. ‘இதமான’ என்று நான் எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நண்பரின் வரியை இப்போது இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘காட்டம் குறைந்த, பல அடுக்குச் சுவையுள்ள சேர்மானம்.’ நீளம்தான், டப்பா மூடியில் இடிக்கும். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அடுத்த வரியில், இலைகளைச் சேர்ப்பவரைக் குறிக்கும் ‘பிளெண்டர்’ என்ற சொல் வருகிறதாம், சட்னி அரைக்கும் கருவி என்று நினைத்துவிடுவார்களே என்கிறார். ‘சேர்மானக்காரர்’ என்று எழுதச் சொன்னேன்.