முடிவு தெரிந்த கதைக்கு விடிய விடிய விழிப்பு

பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமங்களில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் சொற்பொழிவு, ராத்திரி கூத்து. சூதும் துகிலும் ஆடுகிற இரவில் கூட்டம் கலையாது. தருமர் தோற்பார் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் பொடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் கட்டியங்காரன் கேலி பேசி முடித்து, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனனின் சலங்கை கேட்டதும், பாயில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள்.

இந்த இழுப்புக்குக் காரணம் கிரீடமும் புஜகீர்த்தியும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சரித்திர நாவல் எழுத வருகிறவர்களும் அப்படியே நம்பி, முதல் பத்துப் பக்கத்தை முத்துமாலைக்கும் பொற்றூணுக்கும் தாரை வார்த்துவிடுகிறார்கள். பத்தாவது பக்கத்தில் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். அரசவைக் கதையை ஓட வைப்பது ஜொலிப்பு இல்லை. யார் யாருக்கு அருகில் நிற்கலாம், யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்கிற கணக்குதான். இந்தக் கணக்கைப் போடுவதில் மனித மூளைக்குத் தீராத ஆசை உண்டு. மூளை ஆய்வுகளும் மனவியல் சோதனைகளும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விளக்கியிருக்கின்றன. உதாரணத்துக்கு நாம் தூரம் போக வேண்டாம். தருமபுரியின் பழைய பெயரான தகடூரே போதும்.

முதலில் குரங்கிலிருந்து தொடங்கலாம். 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரீசஸ் ஆண் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். கூட்டத்தில் உயர்ந்த இடத்தில் இருக்கும் குரங்கின் முகப்படத்தைப் பார்க்க வேண்டுமானால் சாறு கொஞ்சம் குறையும். குரங்குகள் அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டு படத்தைப் பார்த்தன. தாழ்ந்த நிலைக் குரங்கின் முகத்தைப் பார்க்கவோ கூடுதல் சாறு கூலியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கூட்டமாக வாழும் பிராணிக்குத் தலைவனின் முகக்குறி உயிர் காக்கும் செய்தி. அவன் கோபமாக இருக்கிறானா, யாரோடு சேர்ந்திருக்கிறான் என்று தெரிந்தால்தான் அடி வாங்காமல் பொழுது போகும். ராஜா என்ற சொல்லைக் கேட்டதும் காது தூக்குகிற நம் வழக்கத்துக்கும் வேர் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும். ஆனால் இது திரும்பிப் பார்க்க வைக்குமே தவிர, எண்ணூறு பக்கம் உட்கார வைக்காது.

உட்கார வைப்பது உறவுச் செய்தி. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒருவர் தான் படித்ததை நினைவிலிருந்து எழுத, அதை அடுத்தவர் படித்து எழுத, அப்படியே சங்கிலியாகக் கை மாற்றிக்கொண்டே போனார்கள். தனி ஆளைப் பற்றியும் இயற்கையைப் பற்றியும் சொன்னவை வழியிலேயே உதிர்ந்தன. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகியதைச் சொன்னவை அதிகமாகவும் பிழை குறைவாகவும் கடைசி வரை வந்து சேர்ந்தன. இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன முடிவு: கள்ளக்காதல் மாதிரியான கிசுகிசுவும், இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நினைவில் நின்றன. அதாவது அந்தப்புர அசிங்கம் இல்லாமலும் அரசவைக் கதை நிற்கும். அத்தியாயத்துக்கு ஒரு விஷக்கோப்பை வைக்கிற எழுத்தாளர்கள் இதைக் கவனிக்கலாம்.

உறவுச் செய்தி எல்லாக் கதையிலும்தான் இருக்கிறதே, அரசவைக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு? அங்கே ஒருவரும் நினைத்ததை நேராகச் சொல்ல முடியாது. சொன்னால் தலை போகும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இன்னொரு சொல் மறைந்திருக்கும், வாசகர் அதைத் துருவி எடுக்க வேண்டும். அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் திறமை நமக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. அந்தத் திறமைக்கு அரசவையைவிடக் கடுமையான பயிற்சிக்களம் கிடையாது.

புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பாருங்கள். தகடூர் அரசன் அதியமானின் தூதராக ஔவையார் இன்னோர் அரசனான தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான் என்பது பாட்டுக்குச் சொல்லப்படும் சூழ்நிலை. ஔவை புகழ்கிற மாதிரிதான் பேசுகிறார். இங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. எங்கள் ஆளுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அவ்வளவுதான். திட்டு ஒன்றும் இல்லை, மிரட்டலும் இல்லை.

இப்போது அடுக்குகளை எண்ணிப் பார்க்கலாம். தன்னை வலியவன் என்று ஔவை நம்ப வேண்டும் எனத் தொண்டைமான் விரும்புகிறான். அந்த விருப்பத்தை ஔவை கண்டுகொண்டார். அவர் கண்டுகொண்டதை நாம் அறிகிறோம். மேலே ஒரு நாவலாசிரியர் தன் கற்பனையில் ஓர் அமைச்சரைப் பக்கத்தில் நிறுத்தி, அரசன் புகழ்ச்சி என்று நினைத்துச் சிரிக்கும்போது அந்த அமைச்சர் மட்டும் முகம் சுருக்குவதாக எழுதினால் இன்னோர் அடுக்கு ஏறுகிறது. வேல் எல்லாம் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது, ஒருவரும் அசையவில்லை, ஆனாலும் அந்தக் கொட்டிலுக்குள் சண்டை நடந்து முடிந்துவிட்டது.

இந்த அடுக்குகளுக்கு எல்லை உண்டு. 1998-இல் இங்கிலாந்தில் நடந்த சோதனையில் கதைகளைப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். ‘இவள் நினைப்பதாக அவன் நினைக்கிறான்’ என்கிற வகை அடுக்கு நான்கு வரை மக்கள் சமாளித்தார்கள். அதற்கு மேல் தவறுகள் சட்டென்று கூடின. ஒன்றால் ஒன்று நிகழ்ந்த வெறும் சம்பவச் சங்கிலி என்றால் அதே ஆட்கள் அதே நீளத்தைச் சிரமமில்லாமல் நினைவில் வைத்தார்கள். ஆக, இடறுவது நினைவாற்றல் அன்று, மனங்களை அடுக்கும் வேலை. ஒரே அரசனுக்கு நான்கு பட்டப்பெயர், மூன்று சதிகாரர்கள், மாறுவேடத்தில் ஓர் ஒற்றன் என்று ஒரே காட்சியில் திணித்தால் நாம் பக்கத்தைப் பின்னால் புரட்டுவது இதனால்தான். நல்ல எழுத்தாளர் ஓர் அறையில் பேசுகிறவர்களை நான்கு பேருக்குள் நிறுத்திவிடுவார். மற்றவர்கள் சாமரம் வீசிக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்தது வாசல். அரசவையில் பொன்னைவிடத் தட்டுப்பாடானது அரசனின் கவனம். அவன் ஒருவன், அவன் முகம் பார்க்கக் காத்திருப்பவர்கள் பலர். அதனால் அவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கும் தூரமே பணமாகவும் அதிகாரமாகவும் மாறிவிடுகிறது. அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவை கோபத்தைக் கொட்டியது வாயில்காப்பவனிடம் (புறம் 206). உன் அரசனுக்குத் தன் தரம் தெரியவில்லையா, என் தரம் தெரியவில்லையா? யாழைக் கட்டியாயிற்று, கோடாரியோடு காட்டுக்குப் போகும் தச்சன் பிள்ளைகளுக்கு மரம் கிடைக்காமலா போகும், எங்களுக்கும் எந்தத் திசையிலும் சோறு உண்டு என்கிறார். பேச்சு காவலாளியிடம், குறி உள்ளே இருப்பவன்மேல். பாவம் அந்தக் காவலாளி. இதை உள்ளே போய் அப்படியே சொல்வானா, நறுக்கிச் சொல்வானா, சொல்லாமலே விடுவானா? அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் தகடூரின் மானம் அவன் நாக்கில் இருக்கிறது. அரசவைக் கதை எழுத எனக்கு ஒரு பாத்திரம்தான் கொடுப்பார்கள் என்றால் இந்த ஆளைத்தான் கேட்பேன்.

பெருஞ்சித்திரனார் கதையும் இதே வாசலில் நடப்பதுதான். குன்றும் மலையும் தாண்டி அதியமானைப் பார்க்க வந்தவருக்கு, அவன் நேரில் வராமல் பரிசை மட்டும் கொடுத்தனுப்பினான். வாங்க மாட்டேன், நான் என்ன பரிசு வியாபாரியா என்று மறுத்துவிட்டார் (புறம் 208). பொருள் கிடைத்துவிட்டது, முகம் கிடைக்கவில்லை. எது பெரிதென்று அந்தப் பசித்த புலவருக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வாசல் கணக்குக்கு மன்னர்தான் வேண்டும் என்பதும் இல்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுத்த பிறகு, கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய இந்தச் சீமையைக் கம்பெனிக்காக நிர்வகித்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். பின்னாளில் சென்னைக்கு ஆளுநரான தாமஸ் மன்றோ அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். கூடாரத்துக்கு வெளியே மனுவோடு நிற்கும் பட்டக்காரர், நடுவில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி என்று ஒருவர் கற்பனை செய்தால் சிம்மாசனமே இல்லாத அரசவைக் கதை தயார்.

சரி, நகையும் மாளிகையும் வேண்டவே வேண்டாமா? வேண்டும், ஆனால் யாராவது கையில் எடுக்கிற பொருளாக. 2009-இல் வெளியான மூளைப்பட ஆய்வு ஒன்றில், கதையில் ஒருவர் பொருளைக் கையில் எடுப்பதாகப் படிக்கும்போது, நாமே கையால் பற்றும்போது வேலை செய்யும் பகுதிகளும் தூண்டப்பட்டன. அலமாரியில் அடுக்கிய வருணனைக்கு இந்தப் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புறநானூறு 50ஆம் பாட்டு இதற்குக் கச்சிதமான சான்று. மோசிகீரனார் களைத்துப்போய் அரண்மனைக்கு வருகிறார். முரசை நீராட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். காலியாகக் கிடந்த முரசுகட்டிலில், எண்ணெய் நுரைபோல் மென்மையாகப் பூப் பரப்பியிருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வெட்டிப் போட வேண்டிய குற்றம். அரசன் வந்து பார்த்தான், வாளை எடுக்கவில்லை, விசிறியை எடுத்து வீசினான். இந்தக் காட்சி வேலை செய்ய வேண்டுமானால் முரசுகட்டில் புனிதமானது, தொட்டால் மரணம் என்கிற விதி நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். விதியைத் தெரியவைப்பதுதான் வருணனையின் வேலை. விதி தெரிந்துவிட்டால் அதன் மீறலை நாமே மூச்சடக்கிப் பார்ப்போம்.

விசிறியவன் யார் தெரியுமா? சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. பேரிலேயே இருக்கிறது, தகடூரை அழித்தவன். தருமபுரிக்காரர்களுக்கு அவன் வில்லன். அந்த வில்லன் ஒரு புலவருக்கு விசிறினான் என்பதை எங்கள் ஊரில் ரசித்துச் சொல்லும்போதே பேச்சில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். நல்லவன், கெட்டவன் என்று மனசு போட்டு வைத்த பெட்டி உடையும்போது வாசகர் இன்னும் உன்னிப்பாகிவிடுகிறார்.

முடிவு தெரிந்திருந்தும் ஏன் பதற்றம்? ரிச்சர்ட் கெரிக் என்ற மனவியலாளர் 1989-இல் இதைச் சோதித்தார். ஜார்ஜ் வாஷிங்டன் அதிபரானார் என்பது அமெரிக்கர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பதவியை ஏற்பாரா என்று சந்தேகம் எழும்படி ஒரு குட்டிக் கதையைப் படிக்க வைத்தால், ‘வாஷிங்டன் அதிபரானார்’ என்ற வாக்கியத்தைச் சரி என்று சொல்ல அவர்களுக்கே கூடுதல் நேரம் பிடித்தது. கதைக்குள் இறங்கிய மனம் தனக்குத் தெரிந்ததை எடுத்துப் பார்க்க மெனக்கெடுவதில்லை. கூத்துக் களத்தில் தருமர் பகடையை எடுக்கும்போது ‘வேண்டாம் சாமி’ என்று பாட்டிகள் முனகுவதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை.

தெரிந்த முடிவு இன்னொரு வகையிலும் உதவுகிறது. சாவை நீக்கும் நெல்லிக்கனியை, அதன் பலனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்தவன் அதியமான். கொடுத்தவன் இறந்துபோக, அவனுக்கு இரங்கற்பா பாடும்படி ஔவை உயிரோடு இருந்தார் (புறம் 235). கனியைக் கொடுக்கும் காட்சியை எழுதுகிறவர் சோக வாத்தியம் எதுவும் வாசிக்க வேண்டியதில்லை. பின்னால் நடக்கப்போவது வாசகருக்குத் தெரியும், அந்த இருவருக்கும் தெரியாது. அவர்கள் சிரிக்கச் சிரிக்க நமக்குக் கலங்கும்.

அப்புறம், வரலாறு விட்டு வைத்த ஓட்டைகள். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டுபிடித்த தமிழி (பழைய தமிழ் பிராமி எழுத்து) கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி, அதாவது நம் அதியமான், ஒரு குகைப்பள்ளியைக் கொடுத்ததைச் சொல்கிறது. அசோகர் கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் யார் என்ற பழைய கேள்விக்கும் அதில் விடை இருந்தது: அதியமான் மரபினர்தான். அஞ்சி பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் இல்லை என்பதற்குக் கல்லே சாட்சி. ஆனால் சேரன் தகடூரை அழித்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் தொலைந்துபோய்ச் சில பாடல்களே மிஞ்சின. தருமபுரி வட்டார நடுகற்களில் ஆட்சியாண்டு இருக்கும், ஊர் இருக்கும், ஆநிரை மீட்டு இறந்தவன் பெயர் இருக்கும். அன்று காலை அவன் வீட்டில் என்ன பேசினான் என்பது இருக்காது. உறுதியான ஒரு கல், பக்கத்தில் பெரிய பள்ளம். கதை இறங்க அந்தப் பள்ளம் வேண்டும், நம்பிக்கை நிற்க அந்தக் கல்லும் வேண்டும்.

இதே நம்பிக்கையில் ஒரு வம்பும் இருக்கிறது. 2009-இல் மாணவர்களுக்குச் சரித்திரப் படக் காட்சிகளையும் சரியான பாடக் கட்டுரைகளையும் சேர்த்துக் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டும் முரண்பட்ட இடங்களில், படத்தின் தவறான தகவலையே பாடத்தில் படித்ததாக உறுதியோடு எழுதியவர்கள் நிறைய. ‘சரித்திரப் படங்களில் தவறு இருக்கலாம்’ என்ற பொது எச்சரிக்கை பெரிதாக உதவவில்லை. ‘இந்தக் காட்சியில் இன்ன தகவல் தவறு’ என்று குறிப்பாகச் சொன்னபோது தவறு நன்றாகக் குறைந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கோட்டைக்குப் போனாலும் ஒரு சுரங்கப்பாதை சொல்வார்கள். அது பத்துப் பதினைந்து மைல் தாண்டி இன்னொரு கோட்டையில் முடியும், ராணி குதிரையில் தப்பிப் போயிருப்பாள். சொல்கிறவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இருக்காது.

‘இது கற்பனைக் கதை’ என்று முதல் பக்கத்தில் ஒரு வரி அச்சிட்டுவிட்டுக் கை கழுவும் வழக்கத்துக்கு இந்த ஆய்வுப்படி பயன் குறைவு. தகடூரை வைத்து நாவல் எழுதுகிறவர் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, வாயில்காப்பவன் புறநானூற்றில் இருக்கிறான், முகம் சுருக்கிய அமைச்சர் என் சரக்கு, சுரங்கம் சுத்தப் புளுகு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம். கதையை முடித்தவர் அந்த இரண்டு பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்.