ஊருணியில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்தால் சட்டப்படி என்ன செய்யலாம்?

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைத் தண்ணீரைத் தேக்கத்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். அதன் செம்புறாங்கல் படியில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் குடத்தோடு இறங்குவதைத் தடுப்பது ஊர்த் தகராறு அல்ல, குற்றம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 3(1)(இசட்ஏ) உட்பிரிவு குளம், கிணறு, குழாய், படித்துறை, சுடுகாடு, பாதை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

"எங்க பாட்டன் வெட்டுன ஊருணி" என்பார்கள். தாலுகா அலுவலகத்திலோ அரசின் இணையச் சேவையிலோ 'அ' பதிவேட்டு (கிராம நிலங்கள் யாருடையவை என்று காட்டும் வருவாய்ப் பதிவேடு) நகல் எடுங்கள். அதில் அரசு புறம்போக்கு என்றிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

வழக்கு பெரும்பாலும் சறுக்குவது புகார் மனுவில்தான். "தகராறு செய்தார், திட்டினார்" என்று மட்டும் எழுதினால் சாதாரண அடிதடி வழக்காகிவிடும். "இன்ன தேதி காலை 6 மணிக்கு, கீழ்ப்படித்துறையில் குடத்தை இறக்கியபோது, 'நீங்க இங்க மொள்ளக் கூடாது' என்று சொல்லி இன்னார் தடுத்தார்" என்று எழுதுங்கள். சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர், இரு தரப்பின் சாதி மூன்றும் மனுவில் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் நகலை இணையுங்கள்.

வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் போதாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். வன்கொடுமைப் புகாருக்கான உதவி எண் 14566. டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதி அட்டவணைப்படி, பறித்த உரிமையை அரசு தன் செலவில் மீட்டுத் தருவதுடன் பாதிக்கப்பட்டவருக்கு 1 லட்சம் ரூபாய் தர வேண்டும்: வழக்குப் பதிந்ததும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகைக்குப் பின் 50, தண்டனைக்குப் பின் 25. தமிழ்நாடு 2021-இல் நிவாரணத் தொகைகளை உயர்த்தியது. இன்றைய தொகையை ஆட்சியர் அலுவலக ஆதிதிராவிடர் நலப் பிரிவில் கேளுங்கள்.

குடிதண்ணீரை அசுத்தப்படுத்தினால் அது வேறு உட்பிரிவு, 3(1)(எக்ஸ்). சுத்தம் செய்யும் முழுச் செலவும் அரசுடையது. அதோடு, அதே 2016 அட்டவணைப்படி, 8,25,000 ரூபாய் சமூகச் சொத்து உருவாக்க ஆட்சியரிடம் வைக்கப்படும். அவசரப்பட்டுத் தொட்டியைக் கழுவிவிடாதீர்கள், தடயம் போய்விடும். அதிகாரிகள் வந்து தண்ணீர் மாதிரி எடுக்கும்வரை குடிக்க லாரித் தண்ணீர் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள்.