கேன்சர் இல்லாத சிறுநீரகக் கட்டி: ஆபரேஷனுக்கு முன் ரத்தக்குழாயையும் பாருங்கள்

கிட்னியில் கட்டி, ஆனால் கேன்சர் இல்லை என்று சொன்னதும் குடும்பத்துக்கே உயிர் வந்துவிடும். அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆஞ்சியோமயோலிப்போமா அந்த வகைக் கட்டிதான். ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்து வளரும், பெண்களிடம் அதிகம், பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும். சின்னதாக இருந்தால் கத்தியே வைக்க வேண்டாம். 4 செ.மீ. தாண்டினால் உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து கூடும், அப்போதுதான் சிகிச்சை பற்றி யோசிப்போம்.

ரத்தக்கசிவைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். எனக்குக் கவலை இன்னொன்றில். அபூர்வமாக இந்தக் கட்டி சிறுநீரகச் சிரைக்குள் நாக்குபோல நீண்டு, உடலின் கீழ்ப் பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெருஞ்சிரை வரை போய்விடுகிறது. வலது சிறுநீரகத்தின் சிரை குட்டை என்பதால் அந்தப் பக்கம் தூரமும் குறைவு. கொழுப்பு மிகுந்த திசு மெத்தென்று இருக்கும்; சிறுநீரகத்தைப் புரட்டித் தூக்கும்போது நுனி பிய்ந்தால் நேரே இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நுரையீரல், அங்கே அடைப்பு. முதலில் கவனிப்பவர் மயக்க மருந்து டாக்டராகத்தான் இருப்பார்: வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு அளவு சட்டென்று இறங்கும், ரத்த அழுத்தம் விழும், ஆக்சிஜன் குறையும்.

இதைத் தடுக்கும் வேலை ஸ்கேன் அறையிலேயே தொடங்குகிறது. மருந்து செலுத்தி எடுத்த சி.டி. ஸ்கேனில், வெள்ளையாக நிறைந்திருக்க வேண்டிய சிரைக்குள் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், தேடிப் பார்க்கிறவர் கண்ணுக்கு. அது எதுவரை போயிருக்கிறது என்பது உறுதியாகத் தெரியாமல் ஆபரேஷன் தேதி குறிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆபரேஷன் மேசையிலும் வரிசை முக்கியம்: சிறுநீரகத்துக்குப் போகும் தமனியைக் கட்டி, நாக்கின் நுனிக்கு மேலும் கீழும் பெருஞ்சிரையைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த பிறகுதான் சிறுநீரகத்தை அசைக்க வேண்டும், அதுவரை அதை அழுத்தவோ இழுக்கவோ கூடாது. உணவுக்குழாய் வழியாக எக்கோ கருவி வைத்துக்கொண்டால் நுனி நகர்கிறதா என்பதை நேரிலேயே பார்க்கலாம். இதயம் வரை எட்டியிருந்தால் இதய அறுவை நிபுணரும் பைபாஸ் மெஷினும் தயாராக இருக்கும் மருத்துவமனைதான் சரி. கட்டிக்குப் போகும் தமனியை முன்கூட்டியே அடைத்தால் ரத்தப்போக்கு குறையும். ஆனால் சிரைக்குள் இருக்கும் நாக்கு அதனால் மறைந்துவிடாது.

நோயாளிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு வராதீர்கள், ஸ்கேன் பிலிமும் சிடி தட்டும் வேண்டும். "டாக்டர், கட்டி சிரைக்குள் போயிருக்கிறதா, யாராவது பார்த்தீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு கால் சிரையில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது தனி ஆபத்து. அதற்குத்தான் சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்கிறோம். வீட்டுக்குப் போனபின் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.