எந்தக் குழாய் நல்லது என்று கேட்பவர்களே, கழுத்துத் தழும்பைச் சொல்லுங்கள்

அந்தப் பெண்ணின் கழுத்தில், காறை எலும்புகள் சேரும் குழிக்குச் சற்று மேலே ஒரு தழும்பு இருந்தது. நுரையீரல் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், மயக்க மருத்துவரான என்னிடம் பரிசோதனைக்கு வந்திருந்தாள். "இது எப்படி வந்தது?" என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "சின்ன வயதில் கொப்புளம் வந்தது, டாக்டரம்மா. கீறி எடுத்தார்கள்." இன்னொரு முறை கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

கணவருக்குத் தழும்பில் அக்கறை இல்லை. அறுவையின்போது ஒரு நுரையீரலை மட்டும் மூடிவைக்க உதவும் இரண்டு வகைக் குழாய்களைப் பற்றி முந்தைய இரவு முழுக்கக் கைபேசியில் படித்துவிட்டு வந்திருந்தார். "டபுள் லூமன் டியூப் போடுவீர்களா, பிராங்கியல் பிளாக்கர் போடுவீர்களா? எது புதியதோ அதையே போடுங்கள் டாக்டர். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்." மனைவிமேல் உள்ள அன்பில்தான் கேட்டார், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒரு மாதத்தில் இதே கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் அவர் நான்காவது ஆள். நான்கு குடும்பங்களும் குழாயைப் பற்றி மணிக்கணக்கில் படித்திருந்தார்கள். நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் மயக்கம் கொடுத்துவிட்டுக் குழாயைச் செலுத்தினேன். குரல்நாண்களை எளிதாகத் தாண்டிய குழாய் அதற்கு இரண்டு விரற்கடை கீழே போய் நின்றுவிட்டது. அடுத்த சிறிய அளவை எடுத்தேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. இந்த இடத்தில் கை சொல்வதைக் கேட்க வேண்டும். வலிந்து தள்ளினால் மூச்சுக்குழாய் கிழியும். குழாயை வெளியே எடுத்து, முகமூடி வழியாகவே ஆக்சிஜன் கொடுத்து, மூச்சுக்குழாயின் உட்புறத்தைக் காட்டும் மெல்லிய பிராங்கோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்தேன். மூச்சுக்குழாய் அங்கே சுருங்கி, வெளிறிய வடு வளையமாக இருந்தது. அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டு அவளை எழுப்பினோம்.

மாலையில் மாடிப்படி அருகே அவளுடைய சித்தி என்னை ஓரமாக அழைத்துப் போய் உண்மையைச் சொன்னார். கல்லூரியில் படிக்கும்போது பூச்சிமருந்து குடித்துவிட்டாள். மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்தாள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். பிழைத்து வந்தாள். கல்யாணம் பேசியபோது குடும்பமே சேர்ந்து அதைக் கொப்புளமாக்கிவிட்டது.

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதை எழுத அவள் சம்மதித்தாள்.)

அந்தக் கணவரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். எது நல்லது?

மார்பைத் திறந்து நுரையீரலில் வேலை செய்ய வேண்டுமானால், அந்தப் பக்கத்து நுரையீரல் காற்றிறங்கிச் சுருங்கிக் கிடக்க வேண்டும். மூச்சு மற்றப் பக்கத்தில் மட்டும் ஓட வேண்டும். இதைச் செய்ய முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. டபுள் லூமன் டியூப் ஒரே உறைக்குள் இரண்டு பாதைகள் ஓடும் தடித்த குழாய். ஒரு பாதை மூச்சுக்குழாயில் முடியும், இன்னொன்று நீண்டு ஒரு பக்கத்துக் கிளைக்குள் போய் நிற்கும். வேண்டிய பக்கத்தைத் திறக்கலாம், வேண்டாத பக்கத்தை மூடலாம், மூடிய பக்கத்திலிருந்து சீழையும் இரத்தத்தையும் தாராளமாக உறிஞ்சி எடுக்கலாம். பிராங்கியல் பிளாக்கர் என்பது நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய கம்பி போன்ற குழாய். வழக்கமான ஒற்றைக் குழாய்க்குள் அதைச் செலுத்தி, மூட வேண்டிய கிளையில் பலூனை ஊதி அடைத்துவிடுவோம்.

"இரட்டை" என்ற சொல்லைக் கேட்டவுடன் பாதுகாப்பும் இரு மடங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். "புதியது" என்றவுடன் பழையது கழிந்துபோன சரக்கு என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. பலூனை ஊதி ஒரு கிளையை அடைக்கும் எண்ணம் 1930களிலேயே வந்துவிட்டது. சுவீடனைச் சேர்ந்த கார்லென்ஸ் இரட்டைப் பாதைக் குழாயை 1949இல் வெளியிட்டார், அதுவும் இரண்டு நுரையீரல்களின் வேலையைத் தனித்தனியே அளக்கத்தான். அறுவை அரங்குக்கு அது பிறகுதான் வந்தது. இன்று கடையில் புதியதாகத் தெரியும் பிளாக்கர் அந்தப் பழைய எண்ணத்தின் செம்மையான வடிவம். எது முந்தியது, எது பிந்தியது என்ற கேள்வியால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்வதும் எங்கள் கைக்குத் தெரிந்ததும் ஒன்றுதான். இரட்டைக் குழாயை இடத்தில் அமர்த்த ஆகும் நேரம் குறைவு. நுரையீரல் பொதுவாக விரைவாகச் சுருங்கும். ஒருமுறை சரியாக அமர்ந்தால் அவ்வளவு எளிதில் நகராது. ஆனால் அது தடிமன். 37 பிரெஞ்ச் (குழாயின் தடிமனைக் குறிக்கும் அலகு) அளவுக் குழாயின் வெளிவிட்டம் 12 மில்லிமீட்டரைத் தாண்டும்; ஒரு பெண்ணுக்கு வழக்கமாகப் போடும் ஒற்றைக் குழாய் சுமார் 10 மில்லிமீட்டர்தான். எனவே இரட்டைக் குழாய் போட்டவர்களுக்குத் தொண்டை வலியும் குரல் கம்மலும் அதிகம். பிளாக்கர் தொண்டைக்கு மென்மையானது. வாய் சரியாகத் திறக்காதவர்கள், தொண்டையில் ஏற்கெனவே துளை உள்ளவர்கள், குழந்தைகள், அறுவைக்குப் பிறகும் வென்டிலேட்டரில் இருக்க வேண்டியவர்கள் ஆகியோருக்கு அது பெரிய உதவி. ஆனால் அமர்த்த நேரம் பிடிக்கும், நுரையீரல் பொதுவாக மெதுவாகச் சுருங்கும், நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பும்போது பலூன் இடம் மாறிவிடலாம். அதன் உள்துளை மிகக் குறுகலானது என்பதால் கெட்டிச் சளியை அதன் வழியே உறிஞ்ச முடியாது. நுரையீரல் நன்றாகச் சுருங்கிய பிறகு இரண்டிலும் அறுவை மருத்துவருக்குக் கிடைக்கும் வசதி ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் பக்கத்து நோய்களை வைத்தே சொல்கிறேன். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவர்களிடம் நாய்களும் இருக்கும். நாயின் கழிவு வழியாகப் பரவும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மனித உடலுக்குள் போனால், நுரையீரலில் தண்ணீர் நிறைந்த கட்டி வளரும். அதை எடுக்கும்போது கட்டி உடைந்தால் அந்தத் தண்ணீர் நல்ல நுரையீரலுக்குள் பாய்ந்துவிடக்கூடாது. அப்படிப்பட்ட நோயாளிக்கு நான் இரட்டைக் குழாயைத்தான் தேடுவேன். காசநோய் ஆறிய குழிக்குள் பூஞ்சை உருண்டை வளர்ந்து இரத்தமாக இருமுபவருக்கும் அதே கதைதான். கழுத்து எலும்பு தேய்ந்து, தலையைப் பின்னால் சாய்க்க முடியாத முதியவருக்கோ பிளாக்கர் போடுவதுதான் வசதியாக இருக்கலாம்.

இரட்டைக் குழாயிலும் இடது, வலது என்று இரண்டு உண்டு. வலது நுரையீரலில் அறுவை என்றாலும் பெரும்பாலும் இடது குழாயைத்தான் போடுவோம். இதைக் கேட்டுப் பக்கம் மாறிவிட்டதோ என்று பதறியவர்கள் உண்டு. மாறவில்லை. வலது கிளை சுமார் இரண்டு சென்டிமீட்டர் ஓடியவுடனேயே நுரையீரலின் மேல்பகுதியான மேல்மடலுக்குப் பிரிந்துவிடும், அதற்குள் பலூனை நிறுத்தினால் மேல்மடலின் வாய் அடைபடும். இடது கிளை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நீளம், அங்கே பிழைக்கு இடம் இருக்கிறது.

ஆகவே எந்தக் குழாய் என்பதை முடிவு செய்வது விலையோ ஆண்டோ அல்ல. உங்கள் கழுத்து, உங்கள் உயரம், உங்கள் மூச்சுக்குழாயின் அகலம், உங்கள் நுரையீரலில் நிற்பது சீழா இரத்தமா என்பதுதான் முடிவு செய்கிறது. அந்தத் தகவலில் பாதி சிடி ஸ்கேனில் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு மாடி ஏறினால் மூச்சு சத்தமாக வரும் என்று குறிப்பில் இருந்தது. அடிக்கடி சளி பிடித்துச் சிதைந்த இடது கீழ்மடலால்தான் அந்தச் சத்தம் என்று எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் எழுதினேன். மார்புக்கு எடுத்த சிடி, குரல்வளைக்குக் கீழே உள்ள அந்தச் சிறு பகுதியைக் காட்டவில்லை. அவளைத் தனியாக உட்கார வைத்து மூன்றாவது முறையும் நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் நோயாளியிடம் மட்டும் பேசுகிறேன். அந்த ஐந்து நிமிடத்துக்குச் சண்டைக்கு வராதீர்கள்.

ஒரு நுரையீரலை மூடினால் உயிர் தாங்குமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாங்கும். காற்று போகாத பக்கத்தில் இரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பக்கம் திருப்பிவிடும். ஆக்சிஜன் இறங்கினால் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. அதற்காகத்தான் ஒரு ஆள் தலைமாட்டிலேயே முழு நேரமும் நிற்கிறார். "ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்தானே" என்று இன்னும் கேட்கிறார்கள். போக மாட்டோம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. கழுத்தில், மார்பில் உள்ள ஒவ்வொரு தழும்பின் கதையையும் உள்ளபடி சொல்லுங்கள். எப்போதாவது வென்டிலேட்டரில் இருந்திருந்தால், ஐந்து நாளோ ஐம்பது நாளோ, எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் தாள்களை எரிக்காதீர்கள். ஆடும் பல் இருந்தால் காட்டுங்கள். குழாயோடு உள்ளே விழும் பல் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம். பல் செட்டைக் கழற்றிவிட்டு வாருங்கள். குரல் மாறியிருந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், உரக்கக் குறட்டை விட்டால் சொல்லுங்கள். இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அந்த அட்டையையே கொண்டு வாருங்கள், "சிவப்பு மாத்திரை" என்று சொன்னால் எனக்குப் புரியாது.

பீடி. "விட்டுவிட்டேன்" என்கிறார்கள். எப்போது என்று கேட்டால் இன்று காலை! குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டால் நுரையீரல் தேறிக்கொள்ளும். அவ்வளவு அவகாசம் இல்லையென்றாலும் இன்றே விடுங்கள், ஒரு நாளிலேயே இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும்.

வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். லேசான உணவுக்கு ஆறு மணி நேரம், எண்ணெயும் கறியுமாகச் சாப்பிட்டால் எட்டு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். டீயில் பால் இருக்கிறது, அது தண்ணீர்க் கணக்கில் வராது. அதிகாலையில் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் பிரசாதம் வாங்கி வந்து ஒரு வாய் ஊட்டிவிட்டு, "சாமி பிரசாதம்தானே" என்று சொன்ன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். நெற்றியில் திருநீறு பூசுங்கள், நானும் கும்பிட்டுக்கொள்கிறேன். வாயில் ஒன்றும் வேண்டாம்.

பூச்சிமருந்து விஷயத்தை மறைக்கும் குடும்பங்களிடம் மட்டும் என்னால் கோபப்பட முடியவில்லை. போலீஸ், வழக்கு என்று பயப்படுகிறீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறீர்கள். நோயாளி என்னிடம் சொல்வது அவருடைய அனுமதியில்லாமல் யாரிடமும் போகாது. அந்தக் கணவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "மூச்சுக்குழாய் குறுகியிருக்கிறது, முதலில் அதை விரிக்க வேண்டும்." ஏன் என்று கேட்டார். "அவர் சொல்ல நினைக்கும்போது சொல்வார்" என்றேன்.

குறுகலை விரித்த பிறகு சில வாரம் காத்திருந்தோம். சளி நிறைந்த நுரையீரல் என்பதால் அவளுக்கு இரட்டைக் குழாய்தான் பொருத்தம், ஆனால் அந்தக் கழுத்து அதற்கு இடம் தரவில்லை. எனவே ஆன்டிபயாட்டிக்கும் மார்புப் பயிற்சியும் கொடுத்துச் சளியை முன்கூட்டியே வெளியேற்றினோம். 6.5 அளவு (உள்விட்டம் 6.5 மில்லிமீட்டர்) ஒற்றைக் குழாய், அதற்குள் மெல்லிய பிளாக்கர். பக்கவாட்டில் திருப்பியதும் பலூன் நகர்ந்துவிட்டது. மறுபடி பிராங்கோஸ்கோப்பில் பார்த்து அமர்த்தினேன். நுரையீரல் சுருங்கும்வரை அறுவை மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். மடலை எடுத்து முடித்தார்கள். மாலையில் அவள் தானாகவே மூச்சு விட்டாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் அவள் கையில் ஒரு தாள் கொடுத்தேன். "குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் குறுகல், 6.5 அளவுக்கு மேல் குழாய் செலுத்த வேண்டாம்" என்று எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாளை பிரசவத்துக்கோ விபத்துக்கோ எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் இதை நீட்ட வேண்டும்.

இரண்டு முறை படித்துப் பார்த்தாள். "காரணம் எழுதவில்லையே டாக்டரம்மா?" என்றாள்.

"அது வேண்டாம்" என்றேன். "அளவு தெரிந்தால் போதும்."