அண்டத்துக்கு ஏது மையம்?

போன வாரம் ஒரு ராத்திரி, எட்டரை மணி இருக்கும், திண்ணையில் சாய்ந்திருந்தேன். பக்கத்தில் தம்பி மகன் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். "அண்டத்தின் மையத்தில் நின்று பார்த்தால் இரவு வானம் எப்படி இருக்கும் தெரியுமா?" என்று ஒரு குரல் கனமாகக் கேட்டது. பையன் ஏழாவது படிக்கிறான். சட்டென்று நிறுத்திவிட்டு, "பெரியப்பா, அண்டத்துக்கு மையமே கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இவரு அங்க போயி நிக்கச் சொல்றாரு?" என்றான்.

அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வீடியோக்காரர் சொல்ல வந்தது கேலக்சியின், அதாவது கோடிக்கணக்கான விண்மீன்கள் ஒன்றாகக் கூடிச் சுழலும் கூட்டத்தின், மையம். மொழிபெயர்த்த புண்ணியவான் கேலக்சிக்கு 'அண்டம்' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். கேலக்சிக்கு மையம் உண்டு. பிரபஞ்சத்துக்குக் கிடையாது, எந்தப் புள்ளியில் நின்றாலும் தொலைவில் உள்ளவை எல்லாம் விலகிப் போவதாகத்தான் தெரியும். ஒரே ஒரு சொல்லை மாற்றிப் போட்டதில் சரியான அறிவியல் அண்டப்புளுகாகிவிட்டது. இந்தக் கூத்தை எத்தனை தடவை கேட்டாயிற்று என்று கணக்கே இல்லை.

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேலக்சி கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே 'காலா' என்றால் பால். வானத்தில் மங்கலாக வெள்ளை பூசினாற்போல் ஓடும் பட்டையைப் பால் வட்டம் என்றார்கள். லத்தீன்காரர்கள் பால் வழி என்றார்கள், ஆங்கிலத்தில் அது மில்க்கி வே ஆனது. பால் சர்க்கரையில் இருக்கும் கேலக்டோசும் அதே வேர்தான். ரொம்ப நாள் கேலக்சியும் மில்க்கி வேயும் ஒரே பொருள்தான். 1923இல் வானியலாளர் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமெடா என்ற மங்கலான சுருளில், தூரம் கணக்கிட உதவும் சீஃபைட் வகை விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்தச் சுருள் நம் மில்க்கி வேக்கு வெளியே வெகுதொலைவில் இருக்கிறது என்று கணக்குக் காட்டிய பிறகுதான் கேலக்சிகள் என்று பன்மையில் பேசுவது நிலைத்தது. அண்டம் வடசொல், பொருள் முட்டை. பிரம்மாண்டம் என்பதில் இருப்பதும் அதுதான். அண்ட சராசரம் என்று பாட்டிமார் சொன்னால் மிச்சம் மீதி இல்லாமல் எல்லாம் அதில் அடக்கம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னதும் விபூதி சரியக் குனிந்து சிரித்தார். "மாணிக்கவாசகர் என்ன பாடியிருக்கார்? 'அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்'. 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன'. நூத்தியோரு கோடிக்கு மேல அண்டம் இருக்குன்னு அப்பவே சொல்லியாச்சு. உங்க ஹபிளுக்கு முன்னாடி" என்றார். ஓதுவார் வாயால் அந்த அகவலைக் கேட்டு வளர்ந்தவன் நான், மறுப்பேனா? பழந்தமிழில் அண்டம் பன்மையில் வருகிறது, உண்மை. ஆனால் அது இறைவனின் பெருமை சொல்ல வந்த பாட்டு. அடுத்த வரியிலேயே அத்தனை அண்டமும் வீட்டுக்குள் நுழையும் வெயில் கற்றையில் மிதக்கிற தூசு மாதிரி, அவன் முன்னால் அவ்வளவுதான் என்கிறார். அதைக் கொண்டுவந்து கலைச்சொல் பட்டியலில் ஒட்டினால் பாட்டுக்கும் மரியாதை இல்லை, பட்டியலுக்கும் பிரயோசனம் இல்லை.

அய்யா பக்கம் இன்னொரு நியாயமும் இருக்கிறது, அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். ஹபிளுக்கு முன்னால் ஐரோப்பியர்களே அந்த மங்கலான சுருள்களைத் தீவுப் பிரபஞ்சங்கள் என்றுதான் அழைத்தார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் அண்டங்கள் என்று தமிழாக்கியிருந்தால் கை தட்டியிருக்கலாம். பிரபஞ்சம் என்றால் எல்லாம் சேர்ந்ததுதானே, அது எப்படிப் பலவாக இருக்கும் என்ற சிக்கல் வந்து அவர்களே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். அவர்கள் இறக்கி வைத்த மூட்டையை நாம் எதற்குத் தூக்க வேண்டும்? தூக்கியதன் பலனைப் பாருங்கள். கேலக்சிக்கு அண்டத்தைக் கொடுத்துவிட்டதால் பிரபஞ்சத்துக்குச் சொல் இல்லாமல் 'பேரண்டம்' என்று ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. ஒருவர் அண்டம் என்று எழுதினால் அவர் எந்த அண்டத்தைச் சொல்கிறார் என்று நாம் சோழி உருட்டிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ரோமெடாவும் நம்முடையதும் ஒருநாள் மோதலாம் என்ற செய்தி 'இரு அண்டங்கள் மோதல்' என்று வந்தால் படிக்கிறவன் கதி என்ன?

கேலக்சிக்கு 'விண்மீன் மண்டலம்' என்பதும் ஆகாது, ஏற்கெனவே சூரிய மண்டலம், ராசி மண்டலம் என்று அந்த வீட்டில் ஏகப்பட்ட குடித்தனம். 'பேரடை' நல்ல சொல், தேனடையை நினைத்துக்கொண்டால் அழகாகக்கூட இருக்கிறது. ஆனால் வாசகன் தேனடையை நினைப்பானா? எங்கள் பக்கம் அடை என்றால் அவியலும் வெல்லமும்தான் முதலில் வரும். பெரிய அடை என்று சிரித்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

என் ஓட்டு 'விண்மீன் திரள்'. எங்கள் வீட்டில் மோர் கடைந்த காலத்தில் பார்த்தது: மத்து சுழலச் சுழல, பானைக்குள் அங்கங்கே சிதறி மிதந்த வெண்ணெய் கூடிக்கொண்டே வரும், மத்தைச் சுற்றி நடுவில் கெட்டியாக, விளிம்பில் நீர்க்க. அதற்குத்தான் திரளுதல் என்று பெயர். கிரேக்கனுக்குப் பால் தோன்றியது, நமக்குப் பாலிலிருந்து திரண்டது தோன்றுகிறது. நடு என்ற ஒன்று இருப்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. சின்னக் கூட்டங்களுக்குக் கொத்து என்ற சொல் இருக்கிறது, இரண்டும் இடிக்காது.

சரி, பையனைக் களத்துமேட்டுக்குக் கூட்டிப் போனேன். ஆவணி, வானம் வெறிச்சென்று இருந்தது, குறுவை பால் பிடிக்கிற நேரம். தெற்கே விருச்சிக ராசியின் தேள் நன்றாகத் தெரிந்தது. அதன் கொடுக்கில் இருப்பதுதான் மூலம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் என்ன உயரமோ அந்த அளவு மேலே, கொஞ்சம் இடப்பக்கமாக, அங்கேதான் நம் திரளின் நடு. 26,000 ஒளியாண்டு, அதாவது ஒளியே வந்து சேர 26,000 வருஷம் ஆகும் தூரம். (மூலம் என்ற பெயரையும் இந்த இடத்தையும் சேர்த்து வைத்து, முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று யாராவது கிளம்பினால் நான் பொறுப்பில்லை.) நாம் இருப்பது தலைமடையுமில்லை, சுத்தக் கடைமடையுமில்லை, நடுவாந்திரம்.

"அங்க ஒண்ணும் வெளிச்சமாவே இல்லியே" என்றான். இருக்காது. கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போட்டால் உள்ளே எரிகிற பல்பு எப்படித் தெரியும்? இடையில் அவ்வளவு தூசு. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேருகிறது. அகச்சிவப்பும் ரேடியோவும் ஊடுருவி வந்துவிடும். அப்படிப் பார்த்துத்தான் நடுவில் சூரியனைப் போல் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வானியலாளர்கள் கென்செலுக்கும் கெஸ்ஸுக்கும் 2020இல் நோபல் கிடைத்தது அதற்காக. அந்த வீடியோவில் இதை '4 மில்லியன்' என்றார்கள். லட்சமும் கோடியும் பிறந்த ஊரில் மில்லியன் என்று எழுதுகிறவரை என்ன சொல்ல.

அந்த நடுவுக்கே போய் நின்றால்? இங்கே சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டு. அங்கே அந்தத் தூரத்துக்குள் பல லட்சம் விண்மீன்கள் நெருக்கியடிக்கும், பக்கத்து வீட்டு விண்மீன் ஒளியாண்டுக் கணக்கு போய் ஒளிநாள் கணக்கில் வந்துவிடும். வெள்ளியைவிடப் பளிச்சென்று ஆயிரக்கணக்கில் நிற்கும். பெரும்பாலும் வயசான விண்மீன்கள் என்பதால் அந்த ஒளி வெளுப்பாக இராது, குத்துவிளக்குச் சுடர் மாதிரி மஞ்சள் கலந்து இருக்கும். இரவு உண்டு, இருட்டு கிடையாது. பௌர்ணமியைவிடப் பல மடங்கு வெளிச்சத்தில் பேப்பர் படிக்கலாம், ஆனாலும் பகல் ஆகிவிடாது. வீடியோவில் மலைக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு ஒரு கருந்துளையை வரைந்திருந்தார்கள். அதன் விட்டம் சூரியனைப் போல் சுமார் 17 மடங்குதான், ஒரு ஒளியாண்டு தள்ளி நின்றால்கூட வெறும் கண்ணுக்கு அகப்படாது.

இன்னொன்று, அங்கே பால் பட்டை இருக்காது. நம் திரள் ஒரு தட்டு மாதிரி, அதன் உள்ளே, நடுவை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பதால்தான் நமக்கு அது ஆறு மாதிரி ஓடுகிறது. நடுவில் நிற்பவனுக்கு எல்லாத் திசையும் விண்மீன்தான். அதனால்தான் மில்க்கி வேயை 'பால்வெளி' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. வே என்றால் வழி. வழி எப்படி வெளியானது? வழி என்பது இங்கிருந்து பார்க்கிறவன் வைத்த பெயர், வெளி என்றால் ஒன்றுமில்லாத திறந்த இடம், இத்தனை நெரிசலுக்கு அந்தப் பெயரா? பால்வழி என்றோ பால்வீதி என்றோ எழுதினால் கை தேய்ந்துவிடாது. அய்யாவிடம் இதையும் கேட்டேன். "சிதம்பரம் போயிருக்கியா? வெளின்னா ஒண்ணுமில்லைன்னு அங்க போய்ச் சொல்லு பாப்போம்" என்றார்.

திரும்பி வரும்போது பையன் கேட்டான், அங்கே இருக்கிறவன் கேலக்சிக்கு என்ன பெயர் வைப்பான் என்று. அந்த வெளிச்சத்தில் ஆண்ட்ரோமெடா மாதிரி மங்கலான எதுவும் கண்ணில் படாது, வேறு திரள்கள் இருப்பதே அவனுக்குச் சட்டென்று தெரிய வழியில்லை. தன்னைச் சுற்றித் தெரிவதுதான் எல்லாமே என்று நினைப்பான். "அப்ப அவன் அண்டம்னு சொன்னா சரிதானே பெரியப்பா?" என்றான். அய்யா காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.