புல்லட்டும் பேஸ் கிட்டாரும் ஒரே சுருதி

தொண்டியில் வண்டியை எடுத்தால் திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டே இருக்கலாம். மேடு கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது, இரண்டு பக்கமும் பனையும் சீமைக்கருவேலமும்தான், எங்காவது ஒரு கண்மாய், ஒரு உப்பளம். பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்கள் பலரும் கொடைக்கானல், மூணாறு என்று மலையேறத்தான் ஆசைப்படுகிறார்கள், எனக்கு என்னவோ இந்தத் தட்டையான சாலைதான் பிடிக்கும், காரணம் காது. ஏற்ற இறக்கம் இல்லாததால் கியர் மாற்றுகிற வேலையே இல்லை, எஞ்சின் அரை மணி, முக்கால் மணி நேரம் ஒரே வேகத்தில் சுற்றுகிறது, அதனால் ஒரே சுருதியில் பாடுகிறது. ராக் இசை எனக்குப் பிடித்துப்போனதற்கும் இந்தச் சுருதிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

புல்லட்டில் இருப்பது ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டன் இரண்டு முறை இறங்கி இரண்டு முறை ஏறினால் ஒரு சுழற்சி முடியும்: காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், அமுங்கும், வெடிக்கும், புகை வெளியே போகும். அதற்குள் கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு, இரண்டு சுற்று சுற்றியிருக்கும். ஆக, இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஐடிலிங்கில் நிற்கிற வண்டி நிமிடத்துக்கு 500 முறை வெடிக்கிறது, நொடிக்கு எட்டு முறைக்குக் கொஞ்சம் மேல். நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 20 அதிர்வு) மேல் இருப்பதைத்தான் ஸ்வரமாகக் கேட்கும், அதற்குக் கீழே இருப்பது தனித்தனித் தட்டாகத்தான் விழும். டீக்கடை வாசலில் நிற்கும் புல்லட்டின் 'டுக் டுக் டுக்' நமக்குத் தாளமாகக் கேட்பது இதனால்தான். த்ராட்டிலை மெதுவாகத் திருகிக்கொண்டே போனால் 2400 சுற்றில் நொடிக்கு 20 வெடிப்பு வரும். அந்த இடத்தைத் தாண்டும்போது தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு முழக்கமாக மாறும். தாளம் ஸ்வரமாகிற அந்த எல்லையைக் கையால் திருகிக் கேட்க முடிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ராக்கின் முரட்டுப் பிள்ளையான மெட்டலில் டிரம்மர்கள் இதே எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். நிமிடத்துக்கு 200 அடி தாளத்தில் ஓர் அடிக்கு நான்கு தட்டு என்று இரண்டு காலாலும் மிதித்தால் நொடிக்கு 13 தட்டுக்கு மேல் ஆகிறது. ஐடிலிங்கில் நிற்கிற புல்லட்டை விட வேகம்.

இப்போது சாலைக்கு வருவோம். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி மேற்கத்திய இசையின் 'ஈ' ஸ்வரம், அதன் அதிர்வு 41.2 ஹெர்ட்ஸ். ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நொடிக்கு 41.2 முறை வெடிக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 4944 சுற்று வேண்டும். சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரின் தடித்த தந்தியும் 'ஈ'தான், ஆனால் ஒரு ஸ்தாயி மேலே, 82.4 ஹெர்ட்ஸ். அதற்கு எந்த வண்டி என்று கேட்டால், நம் ஊரில் இன்னமும் ஆள் உயிரை விடுகிற யமஹா ஆர்எக்ஸ் 100. அது இரண்டு ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, ஆகவே அதே 4944 சுற்றில் சரியாக 82.4 ஹெர்ட்ஸ். ஒரே சுற்றில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் புல்லட்டும் ஆர்எக்ஸும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் பாடுகின்றன, பேஸ் கிட்டாரும் லீட் கிட்டாரும் நிற்கிற அதே இடைவெளி. ஒன்று நெஞ்சில் இடிப்பதும் இன்னொன்று சீறுவதும் இப்படித்தான்.

ஆனால் வெறும் 41 ஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் அது மந்தமான ஒரு ஹும்மென்ற ஓசையாகப் போயிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புகை சட்டென்று பாய்கிறது, அப்புறம் அடங்குகிறது, மறுபடி பாய்கிறது. இப்படிக் கூர்மையாக, திரும்பத் திரும்ப வருகிற எந்த அசைவையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே 1822லேயே வெப்பத்தைப் பற்றி எழுதும்போது காட்டிவிட்டார். வெடிப்பு 25 ஹெர்ட்ஸ் என்றால் (3000 சுற்று) அதோடு 50, 75, 100, 125 என்று மடங்குகள் எல்லாம் சேர்ந்தே வரும். அசைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு மேலே வரைக்கும் மடங்குகள் போகும். இவற்றைத்தான் ஹார்மோனிக்ஸ் என்கிறோம். எது ஓங்கிக் கேட்கும், எது அமுங்கும் என்பதை சைலன்சரின் நீளமும் உள்ளே இருக்கும் அறைகளும் முடிவு செய்கின்றன.

நல்ல மெக்கானிக்கின் காது இதையெல்லாம் பிரித்துக் கேட்கும். உச்சிப்புளியில் நான் வண்டி விடுகிற பட்டறையில் ஒருமுறை உள்ளே நுழைந்து நிறுத்துவதற்கு முன்பே அண்ணன் ஸ்பேனரும் கையுமாகத் திரும்பிவிட்டார். "டேப்பெட் லூசாருக்கு தம்பி, ஆஃப் பண்ணாதீங்க, கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க" என்றார். வெடிப்பின் முழக்கத்துக்கு மேலே 'டிக் டிக்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு இரும்பைத் தட்டும் சத்தம் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால் அதன் ஆற்றல் உயர்ந்த அதிர்வெண்களில் போய் உட்காருகிறது, அடித்தொண்டைச் சத்தத்துக்கு நடுவிலும் தனியாகத் தெரிகிறது. வால்வு இடைவெளியைச் சரி செய்ததும் அது மட்டும் காணாமல் போனது, முழக்கம் அப்படியே இருந்தது.

சரி, கிட்டாருக்கு வருவோம். எலக்ட்ரிக் கிட்டாரின் இரும்புத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிர்கிறது, கீழே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. ஆம்புக்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் அதனால் தூக்க முடியாது. அதைத் தாண்டி சிக்னலைத் தள்ளினால் நுங்குக்காகப் பனங்காயின் தலையைச் சீவுவது மாதிரி அலையின் உச்சி சீவப்படும். வழவழப்பாக வளைந்து இறங்க வேண்டிய அலை இப்போது தட்டையாகி, ஓரங்கள் கூர்மையாகிவிடும். கூர்மை வந்தாலே மடங்குகள் வரும் என்று மேலே பார்த்தோம். மேலும் கீழும் சமமாகச் சீவினால் 3, 5, 7 என்ற ஒற்றை மடங்குகள் கூடும், ஒரு பக்கம் அதிகமாகச் சீவினால் இரட்டை மடங்குகளும் சேரும். இதுதான் டிஸ்டார்ஷன், ராக் கிட்டாரின் உறுமல். இன்னொரு லாபமும் உண்டு. தந்தி ஓய்ந்துகொண்டே வந்தாலும் சீவப்பட்ட உயரம் மாறாததால் ஸ்வரம் நீண்டு நிற்கும். தொடக்கத்தில் இது ஒரு கோளாறாகத்தான் பார்க்கப்பட்டது, அப்புறம் வேண்டுமென்றே செய்தார்கள். 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் இந்தச் சத்தத்துக்காக ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையே பிளேடால் கிழித்தார்.

இதைக் கேட்டு 'இரைச்சல்' என்று முகம் சுளிக்கிறவர்களுக்குத் தம்புராவைக் காட்டுவேன். தம்புராவின் குதிரையில், தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி வைப்பார்கள், ஜீவா என்பது அதற்குப் பெயர். தந்தி அந்த வளைந்த குதிரையை உரசி உரசி அதிரும்போதுதான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் அசையாமல் இருக்க வேண்டிய ஹார்மோனிக்ஸ் எழக்கூடாது என்பது பழைய விதி. வீணையும் தம்புராவும் அந்த விதியை மீறுகின்றன என்று 1921இல் எழுதியவர் சி.வி. ராமன். தந்தியைச் சுத்தமாக அதிரவிடாமல் தடுத்து, மடங்குகளைப் பெருக்குவது என்ற வேலையை நம் ஆட்கள் நூலால் செய்தார்கள், ராக் கிட்டார்க்காரர்கள் மின்சாரத்தால் செய்தார்கள்.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. தம்புராவை வழக்கமாகப் பஞ்சமத்திலும் ஷட்ஜத்திலும் சுருதி சேர்ப்பார்கள். ராக்கின் அடித்தளமான பவர் கார்டும் (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு) அதே 'ஸ', 'ப' இரண்டும்தான். இரண்டின் அதிர்வுகளும் 2க்கு 3 என்ற விகிதம். தடித்த 'ஈ' தந்தியில் 82.4, அதன் பஞ்சமம் 123.6. டிஸ்டார்ஷனில் இரண்டையும் சேர்த்து அனுப்பினால் ஆம்ப் அவற்றைக் கலந்து, கூட்டலையும் கழித்தலையும் புதிதாக உண்டாக்கும். 123.6இலிருந்து 82.4 போனால் 41.2. யாரும் வாசிக்காத ஒரு ஸ்வரம், ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியில் வந்து விழுகிறது! நடுவில் காந்தாரத்தையும் சேர்த்தால் இந்தக் கூட்டல் கழித்தல்கள் ஒன்றோடொன்று மோதிக் கூழாகிவிடும், அதனால்தான் உறுமல் அதிகமாக வேண்டும் என்கிறபோது அதை விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இந்த இசையை அறிமுகப்படுத்தியது கீழக்கரை நண்பன். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தான், வண்டியை நிழலில் போட்டுவிட்டு "மாப்ள, வரியை விடு, சத்தத்தை மட்டும் கேளு" என்று போனை நீட்டினான். போன் ஸ்பீக்கரால் 82 ஹெர்ட்ஸைச் சரியாகத் தரவே முடியாது, கூம்பு அவ்வளவு சிறியது. இருந்தும் அந்த அடிச்சத்தம் எனக்குக் கேட்டது. 165, 247, 330 என்று மடங்குகள் வந்தால் போதும், மூளை அவற்றின் இடைவெளியைப் பிடித்து, இல்லாத 82ஐத் தானே நிரப்பிக்கொள்ளும். டிஸ்டார்ஷன் மடங்குகளை அள்ளித் தருவதால் ராக், சின்ன ஸ்பீக்கரிலும் உடம்போடு நிற்கிறது. மூன்று மணி நேரம் புல்லட்டின் மடங்குகளில் ஊறி வந்த காதுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை என்பது என் அனுபவம்.

ஓட்டிக்கொண்டே கேட்கலாமே என்றால், வேண்டாம். 60, 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஹெல்மெட்டுக்குள் கேட்பது எஞ்சின் அல்ல, காற்று. ஹெல்மெட்டின் விளிம்பில், முக்கியமாகத் தாடைக்குக் கீழே, காற்று கிழிந்து சுழல்கிறது. 60 கிலோமீட்டரிலேயே காதருகே சுமார் 90 டெசிபல் வந்துவிடும், 100ஐத் தாண்டினால் 100 டெசிபல் பக்கம் போகும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் கணக்கில் 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 91க்கு 2 மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிடம். இந்த இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் இன்னும் சத்தமாக வைக்க வேண்டும். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் போய்விடும், உள்காதின் மயிர்ச் செல்களும் போய்விடும், அவை செத்தால் திரும்ப முளைக்காது. ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது கணக்கு இன்னும் மோசம். பாம்பன் சாலைப் பாலத்தில், அந்த இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான திறந்தவெளியில், 50இல் போனாலும் எதிர்க்காற்று 30 என்றால் ஹெல்மெட் சந்திப்பது 80. நீண்ட பயணத்துக்கு நான் நுரை இயர்பிளக் வைத்துக்கொள்கிறேன், சரியாகச் செருகினால் 20 டெசிபலுக்கு மேல் குறைகிறது, ஹாரனும் எஞ்சினும் தெளிவாகவே கேட்கின்றன.

பாட்டு இல்லாமல் சலிக்காதா என்றால் சலிக்காது, ஏனென்றால் பாட்டு தலைக்குள் ஓடும். ஒரு பாட்டை மனதுக்குள் நினைத்தாலே மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதி வேலை செய்யத் தொடங்குகிறது. ராக்கின் ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன வடிவம், எஞ்சின் சுருதி பிடித்துக்கொண்டே இருக்க அது மேலே தானாக ஏறிக்கொள்ளும். முன்பின் பழக்கமில்லாத ஒன்று பலமுறை எதிர்ப்பட்டால் பிடித்துப்போவதை உளவியலாளர் ராபர்ட் ஜாயன்ஸ் 1968இல் விளக்கினார். எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது 2011இல் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. பிடித்த இசையின் உச்சம் வரும்போது மட்டுமல்லாமல், அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையில் டோபமைன் சுரக்கிறது என்று அதில் தெரிந்தது. ஆக, ஒரு ராக் பாட்டை இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். டிரம் எங்கே நிற்கும், கிட்டார் எங்கே பாயும் என்று உங்கள் மூளைக்கு முதலில் தெரிய வேண்டும், அதற்கு அப்புறம்தான் காத்திருக்க முடியும்.

உங்கள் வண்டியின் ஸ்வரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கிட்டார் ட்யூனர் ஆப் போதும். அரிச்சல்முனை போகிற வழியில் ஆளில்லாத, காற்று மறைவான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். புகை படாத தூரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை ஒரே அளவில் சில நொடி வையுங்கள். புல்லட்டில் 'ஜி' காட்டினால் வெடிப்பு 24.5 ஹெர்ட்ஸ், சுற்று 2940. போன் மைக்குக்கு அவ்வளவு தாழ்ந்த ஸ்வரம் எட்டாது, அதன் மடங்குகளை வைத்துத்தான் ஆப் சொல்கிறது. 'ஜி'க்கும் 'டி'க்கும் இடையே முள் தாவினால் ஆப்பைக் குறை சொல்ல வேண்டாம், சைலன்சர் மூன்றாம் மடங்கான 73.5 ஹெர்ட்ஸை ஓங்கவிடுகிறது, 'ஜி'யை ஷட்ஜமாக வைத்தால் அது பஞ்சமம். நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் என்றால் வெடிப்பு அதிர்வெண்ணை 120ஆல் பெருக்குங்கள், ஆர்எக்ஸ் என்றால் 60ஆல். டாக்கோமீட்டர் இல்லாத வண்டியிலும் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.