“உண்மையைத்தானே சொன்னேன்?” என்று கேட்பவர்களுக்கும், “பரவாயில்லை” என்றே சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கும்

போன வாரமும் ஒருவர் அதே கேள்வியோடு வந்து அமர்ந்தார். “நான் உண்மையைத்தானே சொன்னேன்? அதற்காக இத்தனை ஆண்டு நட்பை ஒருத்தி முறித்துக்கொள்வாளா?” தோழி அழைப்பை எடுப்பதில்லை, காரணமும் சொல்வதில்லை. உளவியல் ஆலோசனை அறையில் இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதமே இல்லை. ஒரே ஒரு தவறான எண்ணம் இத்தனை நல்ல நட்புகளைக் குலைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இப்படி வருகிறவர்களிடம் “ஏன் சொன்னீர்கள்” என்று நான் முதலில் கேட்பதில்லை. “என்ன சொன்னீர்கள், சொல் மாறாமல் சொல்லுங்கள்” என்றுதான் கேட்பேன். அவர் கைபேசியையே நீட்டிவிட்டார். சொந்தமாகத் தொழில் தொடங்கப் போவதாகத் தோழி உற்சாகமாக எழுதியிருந்தார். அடுத்த நிமிடமே இவருடைய பதில்: “உனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது. உனக்குக் கணக்கு வழக்கே தெரியாது.” அதற்குத் தோழி, “நீ சொல்வதும் சரிதான், யோசிக்கிறேன்” என்று எழுதி, ஒரு சிரித்த முகத்தையும் போட்டிருந்தார். விரலால் மேலே தள்ளத் தள்ள, ஆண்டுக்கணக்கில் இதே கதை. இவரிடமிருந்து ஒரு தீர்ப்பு, அவரிடமிருந்து ஒரு “பரவாயில்லை”. இவருக்கு அது உரசலே இல்லாத நட்பு. தோழிக்கோ அந்தச் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றும் விழுங்கிக்கொண்ட ஒரு வலி.

என்னை மிகவும் எரிச்சலூட்டும் எண்ணத்துக்கு வருகிறேன். பட்டென்று பேசுகிறவர் நேர்மையானவர், பார்த்துப் பேசுகிறவர் நடிக்கிறார் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். “நான் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசமாட்டேன்” என்று பெருமையோடு சொல்கிறார்கள். ஐயா, அம்மா, நேர்மை என்பது நீங்கள் சொல்வது உண்மையா என்பதைப் பொறுத்தது. கடுமை என்பது அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கடுகடுவென்று பொய் சொல்லலாம், கனிவாக முழு உண்மையையும் சொல்லலாம்.

“உனக்குக் கணக்கு வழக்கே தெரியாது” என்பதையே எடுத்துக்கொள்வோம். அது உண்மையா என்று அவரிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்தார். தோழி கணக்குப் பார்த்து அவர் கண்டதில்லை, அவ்வளவுதான். தோழி பணத்தை இழந்துவிடுவாரோ என்ற பயமும் மனதில் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அவர் அறிந்த உண்மை இது: “நீ கணக்குப் பார்த்து நான் பார்த்ததில்லை. பணம் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?” இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கனிவாக இருப்பதுதான் உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது. பட்டென்று வந்தது அரைகுறை ஊகம். “நீ எப்போதுமே இப்படித்தான்”, “உனக்கு ஒன்றும் தெரியாது”, “எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்” போன்ற வெடிப் பேச்சுகளைத் தோண்டிப் பார்த்தால், அநேகமாக அடியில் மிகைப்படுத்தல்தான் இருக்கும். நேர்மையின் பெயரால் பேசுகிறவருக்குத் துல்லியத்தில் அக்கறை வேண்டாமா?

“என் சுபாவமே அப்படி” என்பவர்களிடம் இன்னொன்றும் கேட்பேன்: உங்கள் மேலதிகாரியிடமும் இதே தொனியில்தான் பேசுவீர்களா? பெரும்பாலானவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள். அங்கே சொல்லை அளந்து பேச முடிகிறது என்றால் அந்தத் திறமை உங்களிடம் இருக்கிறது. திருப்பி அடிக்காதவரிடம் மட்டும் அதைப் பயன்படுத்த மறுக்கிறீர்கள்.

திருக்குறளைத் துணைக்கு அழைத்துவருகிறவர்களும் உண்டு. நட்பு சிரித்து மகிழ மட்டுமே உரியதல்ல, இடித்துரைக்கவும் வேண்டும் என்று 784ஆம் குறள் சொல்வது சரியே. ஆனால் எப்போது இடித்துரைக்க வேண்டும் என்றும் அதே குறள் சொல்கிறது: நண்பர் நெறி தவறி எல்லை மீறும்போது. புதுச் சட்டை பொருந்தவில்லை என்பதும், உடம்பு பெருத்துவிட்டது என்பதும் அந்தக் கணக்கில் வராது.

இங்கிதமாகப் பேசுகிறவர்களே, நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். உங்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. உங்களில் பலர் செய்வது இங்கிதமே இல்லை, ஒளிவு. கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் பொதுவாகவே தயங்குகிறார்கள் என்பதை சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர்கள் 1970இல் எழுதினார்கள். அந்தத் தயக்கத்தை நீங்கள் பண்பு என்று பெயர் சூட்டி வளர்த்துக்கொள்கிறீர்கள். “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு, அதை அவர் “முடியாது” என்று புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். முகம் வாடியதைக் கவனித்திருப்பார் என்று நம்புகிறீர்கள். கவனித்திருக்க மாட்டார். 1998இல் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் சிலருக்குச் சுவை கெட்ட பானத்தைக் கொடுத்து, முகத்தில் காட்டாமல் குடிக்கச் சொன்னார்கள். குடித்தவர்கள், தங்கள் அருவருப்பு பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். அவர்கள் நினைத்த அளவுக்கு அது தெரியவேயில்லை. நட்பிலும் இதுதான் நடக்கிறது. வலி உள்ளே இருப்பவருக்கு அது ஊருக்கே கேட்பதுபோல் இருக்கும். எதிரே இருப்பவர் காதில் ஒன்றும் விழுந்திருக்காது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்குக் குறிப்பால் உணர்த்துவதைப் பிடிப்பது கடினம், நேரே பேசுவதுதான் இயல்பு. அவர்களிடம் ஜாடை பேசிவிட்டு, “புரிந்துகொள்ளவில்லையே” என்று வருந்துவது நியாயமே இல்லை.

சில இடங்களில் இங்கிதம் ஆபத்தானது. நண்பர் குடித்துவிட்டு வண்டியை எடுக்கும்போது, வீட்டில் அடி வாங்கும்போது, கடனை மறைக்கும்போது மழுப்பாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் பேசினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இதை மனநலத் துறையில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த இடத்தில், பட்டென்று கேட்கத் தெரிந்த நண்பர்தான் வேண்டும்.

பட்டென்று பேசுகிறவர்களுக்கு: கேட்காத கருத்தைச் சொல்லாதீர்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால் “என் கருத்தைச் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள், “வேண்டாம்” என்றால் நிறுத்துங்கள். நாலு பேர் முன்னால் சொல்லவே சொல்லாதீர்கள். மாற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். போட்டுக்கொண்டு விழாவுக்கு வந்துவிட்ட உடையைப் பற்றிச் சொல்லி யாருக்கு என்ன பயன்? “தப்பாக எடுத்துக்கொள்ளாதே” என்று தொடங்கும் வாக்கியத்தை வாயிலேயே நிறுத்துங்கள். காயப்படுத்துவது தெரிந்தும், நிறுத்தும்படி நண்பர் கேட்டுக்கொண்ட பிறகும், தொடர்ந்து எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுகிறவர் வெளிப்படையானவர் இல்லை. அது துன்புறுத்தல். அந்த இடத்தில் நட்பைக் காப்பாற்றச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை.

இங்கிதமானவர்களிடம் எனக்கு இருப்பது ஒரு வேண்டுகோள். சின்ன வலியைச் சின்னதாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் உறவு கெட்டுவிடும் என்ற பயம் பெரும்பாலும் பெரிதுபடுத்தப்பட்டதுதான். எம்மா லெவினும் டாயா கோஹனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை மூன்று நாட்கள் எல்லோரிடமும் முழு நேர்மையோடு பேசச் சொன்னார்கள். மனிதர்கள் பொதுவாக எதிர்பார்க்கும் அளவுக்கு அது கசப்பாகவும் இல்லை, உறவுகளைக் குலைக்கவும் இல்லை.

விலகுவதென்றே முடிவெடுத்துவிட்டீர்களா? அதற்கு முன் ஒரே ஒரு முறை நேரே சொல்லிப் பாருங்கள். “நீ எப்போதும் என்னைப் புண்படுத்துகிறாய்” என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. “எல்லோர் முன்னாலும் என் உடம்பைப் பற்றிப் பேசினாயே, அன்று இரவு நான் தூங்கவில்லை. இனிமேல் அதைப் பேசாதே” என்று எழுதுங்கள். பட்டென்று பேசுகிறவர்களுக்கு இந்த மொழி நன்றாகவே புரியும். முதல் பதில் எரிச்சலாக வரலாம். அதற்கு உடனே மறுபதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள், பலரும் அதற்குள் திரும்ப அழைத்துவிடுகிறார்கள்.